காலி சானலில் ஒரு நடுக்கம்

திரையில் வலது கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கக் கூடாது என்று மருதாசலம் நினைத்தார். நினைப்புக்குக் கட்டுப்பட்டு அது நின்றுவிடும் என்பதுபோல முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தடித்த கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம் சர்க்கரை ஆலை டர்பைனின் ரோட்டர் பாதி வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான எஃகுத் தண்டு, அதைச் சுற்றி வரிசை வரிசையாகப் பிளேடுகள், மீன் செதிலை எதிர்ப்பக்கமாகத் தடவினால் எழுந்து நிற்குமே, அப்படி. அதன் சத்தம் சுவரைத் தாண்டி வராது. தரை வழியாக வரும், செருப்பைத் தாண்டிக் கணுக்கால் வரைக்கும் ஏறி அங்கேயே நின்றுகொள்ளும். ரோட்டர்களைச் சுழற்றிச் சோதிக்கிற இந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்குப் பாதிச் செய்தி கணுக்கால் வழியாகத்தான். மீதிப் பாதி இந்தத் திரை. இடது பேரிங்கில் ஒரு சென்சார், வலது பேரிங்கில் ஒரு சென்சார், இரண்டிலிருந்தும் கம்பி, கம்பியின் முனையில் கோடு. இடது கோடு நடுங்கினால் கவலையில்லை. அது ரோட்டரை ஏற்றிச் சுழற்றுகிற மேடையின் சொந்தக் குலுக்கல். மோட்டாரிலிருந்து வருகிற தண்டு இம்மியளவு கோணல், மாற்றிவிடலாம் மாற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே பழைய முதலாளி, பெரியவர், போய்ச் சேர்ந்துவிட்டார், கோணல் மட்டும் இருக்கிறது. வலது கோடுதான் ரோட்டரின் சொந்தப் பேச்சு. கம்பியில் வருவதைக் கம்ப்யூட்டருக்கு வாங்கிக் கொடுத்த பழைய கார்டு இருந்தவரைக்கும் வலது கோடு நடுங்கினால் ரோட்டரில் கோளாறு, நடுங்காவிட்டால் இல்லை, அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் கிடையாது. ஆனால் பழைய கார்டு செத்துவிட்டது. மழை விட்ட ஒரு நாள் கம்ப்யூட்டருக்குள் பல்லி புகுந்து, கருகின நாற்றம் வந்து திறந்து பார்த்தால் பல்லியும் போயிருந்தது, கார்டும் போயிருந்தது. அதைச் செருகுகிற இடமே இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் இல்லை என்று கடைக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். அப்படித்தான் இந்தப் புதுப் பெட்டி வந்தது. சோப்புப் பெட்டி அளவு, பச்சை விளக்கு ஒன்று, பக்கத்துக்கு எட்டு வாய், ஒரு வாய்க்கு ஒரு கம்பி, ஒரு சானல். பார்க்கச் சாது. ஆனால் அது வந்த நாளிலிருந்து மருதாசலத்துக்குத் திரையைப் பார்த்தால் தன் கண்ணின் மேலேயே சந்தேகம் வருகிறது.

பழைய கார்டில் ஒவ்வொரு சானலுக்கும் ஒரு தனிக் கண் இருந்தது. எல்லாக் கண்ணும் ஒரே நேரத்தில் திறக்கும், ஒரே நேரத்தில் மூடும். புதுப் பெட்டிக்கு ஒற்றைக் கண். இடதைப் பார்க்கும், தலையைத் திருப்பி வலதைப் பார்க்கும், அடுத்தது, அதற்கடுத்தது, சுற்றி வந்து மறுபடி இடது. பந்தியில் ஒரே ஆள் எல்லா இலைக்கும் பரிமாறுகிற மாதிரி என்று வான்மதி காலையில் சொன்னாள். பெரியவரின் மகள், அவர் போன பிறகு பட்டறையை எடுத்து நடத்துகிறாள், படித்ததும் இந்த மெஷின் படிப்புதான், கெட்டிக்காரி. பழைய புரோகிராம் இன்னும் அந்தக் காலத்து வேகத்தையே கேட்கிறது, அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இந்த ஒற்றை ஆள் பந்தியில் ஓட வேண்டியிருக்கிறது, ஓடுகிற ஓட்டத்தில் கரண்டியை உதறாமல் சாம்பார் வாளியிலிருந்து ரச வாளிக்குள் விடுகிறான், ரசத்தில் சாம்பார் மிதக்கிறது என்றாள். இடது சானலின் குலுக்கல் ஒரு துளி கரண்டியில் ஒட்டிக்கொண்டு வலது சானலுக்கு வந்துவிடுகிறது. பெட்டியோடு வந்த புத்தகத்தில் இதற்குப் பேய் என்றே பெயர் போட்டிருக்கிறார்கள் என்று அவள் சிரித்தபோது, ஆலையிலிருந்து வந்திருந்த திருமூர்த்தி, அப்பிடீன்னா வேப்பிலை கட்டீரலாமுங்களே என்றார். மருதாசலமும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கோட்டைப் பார்த்தார். ரசத்தில் மிதப்பது சாம்பார் மட்டும்தானா, ரசமே கெட்டுவிட்டதா. அதுதான் கேள்வி, காலையிலிருந்து அது ஒன்றுதான் கேள்வி. பேய் என்றால் ரோட்டரை முழு வேகத்துக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு இன்றைக்கே லாரியில் அனுப்பிவிடலாம். பேய் இல்லை என்றால் எங்கோ ஒரு பிளேடு வேரில் தளர்ந்திருக்கிறது, முழு வேகத்தில் அது பிய்த்துக்கொண்டு போகும். இங்கே போனால் சுவர் இருக்கிறது. சுவர் தாங்கும் என்று சொல்லித்தான் கட்டினார்கள், தாங்குமா என்று பார்க்கிற நாள் வந்ததில்லை. ஆலையில் போனால் சுவர் கிடையாது. அங்கே அதன் பக்கத்தில் தினமும் நிற்கப் போகிற மனிதர் இதோ ஸ்டூலில் உட்கார்ந்து கிராம்பு மென்றுகொண்டிருக்கிறார்.

கிராம்பு. சிகரெட்டை விட்டதிலிருந்து இதுதானுங்க என்று சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார் திருமூர்த்தி. மருதாசலம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாடை வந்துவிட்டது, தலையாட்டினால் வாடை நிற்குமா. கட்டிங் ஆயில் வாடை, சூடான பெயின்ட் வாடை, வான்மதியின் டிபன் பெட்டியில் மிஞ்சின புளிச்சோற்றின் வாடை எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு அது முன்னால் வந்து நின்றது. அவர் மனைவி கமலவேணி கடைவாயில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தோசையைத் திருப்பிப் போட்ட வாடை. பல்லு வலிக்குதுங்க. எந்தப் பல்லு. இங்கெ, கீழ, எடது பக்கம். அவள் விரல் வைத்துக் காட்டினாள், ஆனால் விரல் ஓரிடத்தில் நிற்கவில்லை, பல்லிலிருந்து தாடைக்கு, தாடையிலிருந்து காதுக்குக் கீழே என்று ஊர்ந்துகொண்டே இருந்தது. அந்த விரலை அவர் எத்தனையோ தடவை பார்த்துவிட்டார். அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் பார்த்தார், அதற்குப் பிறகுதான் எத்தனையோ தடவை. படி ஏறினா வலி சாஸ்தியாகுதுங்க என்றும் சொன்னாள். பல் வலிக்கும் படிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை, பல் டாக்டரிடம் போனபோது இருவருக்குமே அதைச் சொல்லத் தோன்றவில்லை. டாக்டர் நல்ல மனிதர், சின்ன வயது, படம் எடுத்தார், வேருக்குக் கீழே ஒரு நிழல் மாதிரி தெரிகிறது என்றார், மரக்க ஊசி போட்டார், எடுத்தார். எடுத்த பல்லைத் தட்டில் போட்டபோது டிங் என்று ஒரு சத்தம். முழுப் பல். ஒரு சொத்தை இல்லை, ஒரு கீறல் இல்லை, ஊற வைத்துத் தோலுரித்த பாதாம் மாதிரி வெள்ளையாக. நல்ல பல்லாட்ட இருக்குதுங்களே என்றாள் கமலவேணி, பஞ்சைக் கடித்த வாயோடு. அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். கூரை மேல வீசினா இந்த வயசுல மொளைக்குமாங்க என்று கேட்டாள்.

“மருதாசலண்ணா, வலது கம்பியைப் புடுங்கிப் பாத்தரலாமுங்களா” என்று வான்மதி கேட்டது தொலைவிலிருந்து வந்தது. அவர் எழுந்துபோய்ப் பெட்டியின் வலது சானல் திருகைத் தளர்த்திக் கம்பியை உருவினார். விரல் நுனி குளிர்ந்திருந்தது, வெளியே வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தும். இந்த வைத்தியம் எளிமையானது. கம்பியே இல்லாத வாய்க்கு ரோட்டரின் பேச்சு எப்படி வரும். அப்படியும் வலது கோடு நடுங்கினால் அது இடதிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததுதான், பேய்தான், வேறு யாரும் இல்லை. திரும்பி வந்து திரையைப் பார்த்தார். கோடு நடுங்கியது. கம்பி கையில் தொங்குகிறது, அங்கே கோடு நடுங்குகிறது. திருமூர்த்தி ஸ்டூலிலிருந்து எழுந்து, தொடையைத் தட்டிக்கொண்டு, பாத்தீங்களா நாஞ்சொல்லலீங்களா, இல்லாத கம்பி நடுங்குது, பேயேதானுங்க என்றார். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன, வெட்டின கரும்பு காய்ந்து எடை இறங்குகிறது, வண்டிக்காரர்கள் அவரைப் பேர் சொல்லித் திட்டுகிறார்கள், இதையெல்லாம் அவர் காலையிலிருந்து சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார், இப்போதுதான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. வான்மதிக்கும் மூச்சு இறங்கியது. சரி, கம்பியை மறுபடி மாட்டீருங்கண்ணா, முழு வேகத்துக்கு ஏத்திப் பாத்துப்போட்டு சர்ட்டிபிகேட்டு எழுதீரலாம் என்று வேகம் ஏற்றுகிற குமிழில் கையை வைத்தாள். மருதாசலம் கம்பியை மாட்டினார், திருகை முறுக்கினார். இல்லாத கம்பி நடுங்குகிறது. இல்லாத கம்பி. இல்லாத பல். பல் டாக்டர் வீட்டுப் படியிறங்கி மருந்துக் கடை முன்னால் நின்றபோது கமலவேணி பஞ்சைத் துப்பிவிட்டுச் சொன்னாள், பல்லைப் புடுங்கியும் அங்கயே வலிக்குதுங்க. அவருக்குச் சிரிப்பு வந்தது, மருந்துக் கடைக்காரருக்கும் வந்தது, இல்லாத பல்லு வலிக்குதாமா என்று கடைக்காரர் கேட்டார், எடுத்த இடத்தில் கொஞ்ச நேரத்துக்கு அப்படித்தான் இருக்கும், இருந்ததன் ஞாபகம் என்றார். அவளும் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நெற்றியில் வியர்த்திருந்தது, முந்தானையால் ஒற்றினாள், கடைப்படியில் உட்காரப் போனவள் உட்காராமல் நின்றாள், நடந்துரலாமுங்க என்று ஒரு அடி எடுத்து வைத்தாள், வெயில் அவள் காலுக்கு முன்னால் கிடந்தது, அவர் அவள் முழங்கையைப் பிடித்தார், மரப்பு விடட்டும், ஆட்டோ கூட்டியாறேன், அந்த முழங்கையின் ஈரம் இப்போதும் கையில் இருக்கிறது,

“பொறு அம்மிணி.”

வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்கு வான்மதியின் கையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்தக் கை குமிழின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அந்த ஊர்ப் பக்கத்தில் அம்மிணி என்பது பொதுச் சொல். பெண்டாட்டியும் அம்மிணிதான், பெற்ற மகளும் அம்மிணிதான், பஸ்ஸில் இடம் கேட்கிற முன்பின் தெரியாத பெண்ணும் அம்மிணிதான். வான்மதி கவுன் போட்டுக்கொண்டு இந்தப் பட்டறையில் ஓடித் திரிந்த காலத்தில் அவளையும் அப்படித்தான் அழைத்தார், பிறகு அவள் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் ஆலைக்காரர்கள் முன்னால் மேடம் என்று மாற்றிக்கொண்டார். இப்போது அவள் குமிழை விட்டுக் கையை எடுத்து அவர் பக்கம் திரும்பி, “ஏனுங்ணா, என்ன பாத்தீங்க” என்றாள். திருமூர்த்தியும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உன்னிடம் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது. வேறு யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்பாள். மருந்துக் கடை முன்னால் நிற்கிறவளிடம். அவள் எங்கே. இல்லை. இல்லாதவளிடம் சொன்னது எப்படி உன் காதில் விழுந்தது. அவருக்கு முகம் சுட்டது. ஒன்றுமில்லை, ஏற்றுங்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த ஒன்றுமில்லை நாக்கு வரைக்கும் வந்தது. வந்த இடத்தில் எதிலோ மாட்டிக்கொண்டது. ஒரு காரணம் சொல்லியாக வேண்டும், ஒன்றும் பார்க்கவில்லை, காரணமே இல்லை, ஆனால் நிறுத்தியாகிவிட்டது, நிறுத்தினவன் காரணம் சொல்ல வேண்டும். அவர் திரையைப் பார்த்தார், கையில் ஒட்டியிருந்த செம்புத் தூளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். எடுத்த இடம் வலித்தது. அதனால் பல்லே வலிக்கவில்லை என்று ஆயிற்று, சரிதான், கமலவேணிக்கு அது சரிதான், வலி வேறெங்கோ இருந்து வந்ததுதான். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பிறகு அதைத்தானே சொன்னார், நெஞ்சு வலி சில பேருக்குத் தாடையில் வந்து பேசுமுங்க, பெண்களுக்கு அதிகம் என்று, மறுநாள் பால் பாக்கெட் வீட்டு வாசலில் அப்படியே கிடக்க அவர் ஆஸ்பத்திரியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. ஆனால் இங்கே. இங்கே காலி வாய் நடுங்கியது. காலி வாய் யார் குரலையும் வாங்கிக்கொள்ளும், சொந்தக் குரல் இல்லாத இடம், பக்கத்து வீட்டுச் சண்டை காலி வீட்டில்தான் தெளிவாகக் கேட்கும். அதை வைத்துக்கொண்டு, வீட்டில் ஆள் இருந்தபோது கேட்டதும் பக்கத்து வீட்டுச் சண்டைதான் என்று எப்படிச் சொல்வது. ஆள் இருந்தபோது ஆளும் பேசியிருக்கலாமே. பேயும் பேசி, ஆளும் பேசி, இரண்டும் ஒரே கோடாக வந்திருக்கலாமே.

அதை அவர் சொன்னார். கோவையாகச் சொல்ல வரவில்லை. வீடு என்றார், பக்கத்து வீடு என்றார், திருமூர்த்தி யாருடைய வீடு என்பதுபோலப் பார்த்தார், ஆனால் வான்மதி பாதியிலேயே பிடித்துக்கொண்டாள். கம்பியைப் புடுங்கினது தப்பான சோதனைங்க, காலியா விட்டா அது பேசத்தான் செய்யும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். புத்தகத்தை எடுத்து நான்கு பக்கம் திருப்பினாள், மூடி வைத்தாள். இடதுக்கும் வலதுக்கும் நடுவில் ஊமையாக ஒன்றை உட்கார வைக்க வேண்டும். ஒரு காலிச் சானலை எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அதற்குப் பேச்சு கிடையாது, கரண்டியில் ஒட்டினதையெல்லாம் அங்கே உதறிவிட்டுத்தான் பெட்டி வலதுக்குப் போகும். ஆனால் பந்தியில் இன்னொரு இலை கூடினால் ஒவ்வொரு இலைக்கும் கிடைக்கிற நேரம் இன்னும் குறையும், பழைய புரோகிராமோ வேகத்தைக் குறைக்க விடாது. அப்போ எண்ணெய்ச் சூடு பாக்கற சானலு, பேரிங் சூடு பாக்கற சானலு எல்லாத்தையும் எடுத்துப்போடலாமுங்ணா, அதையெல்லாம் நீங்க கண்ணால மீட்டர் முள்ளைப் பாத்துச் சொல்லுங்க என்றாள். அவர் ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி ஓரமாக வைத்தார். திருமூர்த்தி கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார். அவருடைய போன் இரண்டு தரம் அடித்தது, இரண்டு தரமும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டார். உங்குளுக்கு என்னங்க, பேய்னு ஒரு தரம் சொல்லிப்போட்டு அப்பறம் பேய்க்குப் பொறத்தால ஆளைத் தேடறீங்க என்றார், வேடிக்கைபோல, கோபத்தோடு. மருதாசலம் அடுத்த திருகைத் தளர்த்தினார். அவருக்கு ஒரே பயம். நடுக்கம் நின்றுவிட்டால் இந்த மனிதரை வீணாகக் காக்க வைத்ததாகும், வாய் உளறினதற்கு நியாயம் கட்டினதாகும். நிற்காவிட்டால். நிற்காவிட்டால் என்ன என்பதை அவர் நினைக்கவில்லை, நினைப்பு அங்கே போய் முட்டித் திரும்பி வந்தது, ஆட்டோக்காரன் மீட்டர் போடமாட்டேன் என்று தகராறு செய்ததை நினைத்தது, அவள் ஆட்டோவில் ஏறும்போது சேலைத் தலைப்பு சக்கரத்தில் படாமல் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டதை நினைத்தது, வழியெல்லாம் அவள் ஒன்றும் பேசாததை, மரப்பு என்று தான் எண்ணிக்கொண்டதை.

ஊமையைக் கட்டி முடித்தபோது அந்தக் கோடு திரையில் ஆணி அடித்த மாதிரி நேராக நின்றது. அதற்குக் கீழே வலது கோடு. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அது சுருங்கியிருந்தது, காலையிலிருந்து பார்த்ததில் கால் பங்குகூட இல்லை. திருமூர்த்தியின் தோள் இறங்கியது. மருதாசலம் கிட்டத்தில் போனார். சுருங்கியிருந்தது, ஆனால் இருந்தது. இடதின் நடையிலிருந்து விலகி, தனக்கென்று ஒரு நடையில், கூட்டத்தில் எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு மூலையில் ஒருத்தர் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்கிறதே அப்படி. வான்மதி குமிழைக் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றினாள். ஊமை அசையவில்லை. இடது அசையவில்லை. வலது கொழுத்தது. இன்னும் ஒரு துளி ஏற்றினாள், இன்னும் கொழுத்தது. தரையிலிருந்து கணுக்காலுக்கு வந்துகொண்டிருந்ததில் ஏதாவது மாற்றம் உண்டா என்று அவர் கவனித்துப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை. அது அவரைத் திடுக்கிட வைத்தது. இத்தனை காலம் நம்பின கணுக்கால், ஒன்றும் சொல்லவில்லை.

“எறக்கீரலாமுங்களா” என்று வான்மதி கேட்டாள். அவரைக் கேட்டாளா திருமூர்த்தியைக் கேட்டாளா என்று தெரியவில்லை. திருமூர்த்திதான், எறக்கீருங்க என்றார். மோட்டாரை நிறுத்தினாள். நிறுத்தினால் நின்றுவிடாது அது. அத்தனை எடை, எண்ணெயில் மிதந்துகொண்டு தன் போக்கில் சுற்றிச் சுற்றித்தான் ஓயும், பிரேக் கிடையாது, யாரும் கிட்டே போகக் கூடாது, காத்திருக்க வேண்டியதுதான். இறங்குகிற வழியில் எந்த வேகத்திலாவது அது பிய்த்துக்கொண்டால் என்ற பயம் அறையில் இருந்தது, மூன்று பேருக்கும் பொதுவாக. மருதாசலத்துக்கு அதோடு இன்னொன்றும் இருந்தது. பொறு அம்மிணி. அன்றைக்கும் அதே சொல்தான். அதே குரலில்தான் சொன்னார். அன்றைக்கு அவள் பொறுத்தாள். ஆட்டோ வரும்வரைக்கும் பொறுத்தாள், வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் பொறுத்தாள், இப்போ பரவால்லீங்க என்று சொல்லிப் பொறுத்தாள். ஒரு சொல் ஓரிடத்தில் ஆளைக் கொன்றுவிட்டு, அலைந்து திரிந்து, வேறோரிடத்தில் வந்து வேறொருத்தர் கையைப் பிடித்து நிறுத்துமா. நிறுத்தினது தான் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அவர் மருந்துக் கடை முன்னால் அல்லவா நின்றுகொண்டிருந்தார். இங்கே நின்றது யார். பிறகு அப்படி நினைப்பது பிடிக்கவில்லை, அது அவளை வேலைக்கு அமர்த்துகிற மாதிரி இருந்தது, இருந்தவரைக்கும் தோசைக் கல்லிலேயே நின்றவளை இங்கேயும் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரி. அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார். வலது கோடு ஒரு வேகத்தைக் கடக்கும்போது பெரிதாகத் துள்ளிவிட்டு அடங்கியது என்று வான்மதி பிறகு சொன்னாள். அவர் அதைப் பார்க்கவில்லை.

ரோட்டர் ஓய்ந்து, கதவைத் திறந்து, பிளேடு பிளேடாகத் துடைத்துச் சிவப்பு மையைத் தடவி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மை வெள்ளைக்கு மேல் கசிந்து வரும். வலது பக்கக் கடைசி வரிசையில் ஒரு பிளேடின் வேரில் வந்தது. தலைமுடி அளவு, நகக்கண்ணில் ரத்தம் கட்டின மாதிரி. வான்மதி குனிந்து பார்த்தாள், போட்டோ எடுத்தாள். நீங்களும் வந்து பாருங்ணா என்று கூப்பிட்டாள். இருக்கட்டும், அப்பறமா பாக்கறனுங்க என்றார் மருதாசலம். திருமூர்த்தி பார்த்தார், பார்த்துவிட்டு எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்தார். ஆலைக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்துச் சத்தம் இவர்களுக்கே கேட்டது, அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். கரும்பு காயட்டுமுங்க, மறுபடியும் வெளைஞ்சுக்கும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிறகு மருதாசலத்தைப் பார்த்து, “எதைப் பாத்துங்க நிறுத்தச் சொன்னீங்க? நானுந்தான் பக்கத்துல இருந்தேன், எனக்கொண்ணும் தெரீலியே” என்று கேட்டார். எதையும் பாக்கலீங்க, வேற எதையோ நெனச்சுட்டு இருந்தனுங்க என்றார் மருதாசலம். உண்மையைச் சொன்னார். திருமூர்த்தி அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு அவருக்குத் தாங்கவில்லை, எர்த் கம்பியைக் கழற்றுகிற சாக்கில் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கழற்றவும் வேண்டியிருக்கவில்லை, அது அங்கேயே இருக்கட்டும் என்று வான்மதி சொல்லியிருந்தாள்.

திருமூர்த்தி போன பிறகு வான்மதி டீ கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தானும் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். புரோகிராமை மாற்றி எழுதச் சொல்லி ஆளைப் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் எந்த வேலைக்கும் நடுவில் ஊமையை விட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அதையும் இதையும் பேசினாள். பேசிவிட்டு, டம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டு, “அப்பா போனதுக்கப்பறம் நீங்க என்னைய அம்மிணின்னு கூப்பிட்டதே இல்லீங்ணா. இன்னைக்குத்தான் உங்க வாயில வந்துச்சு” என்றாள். அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது உன்னையல்ல என்று சொல்லலாம். சொன்னால் அவளுக்கும் இல்லாமல் போகும், அவருக்கும் அதில் ஒன்றும் வந்து சேரப் போவதில்லை. அந்தச் சொல்லை அவர் அத்தனை காலமாக ஒருத்திக்கு மட்டும் என்று வாய்க்குள் ஒதுக்கி வைத்திருந்தார் என்பதே இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே, நிதானமாக, எதிரில் இருக்கிறவளின் முகத்தைப் பார்த்து, “அம்மிணி” என்றார். சொல்லிவிட்டு அசையாமல் இருந்தார். பட்டறையில் எந்த இயந்திரமும் ஓடவில்லை, எந்தச் சின்னச் சத்தமும் காதுக்கு எட்டும். ஏனுங்க என்று வேறெங்கிருந்தாவது வருகிறதா என்று அவர் காத்திருந்தார், வரவேண்டும் என்றா வரக்கூடாது என்றா, அவருக்கே தெரியவில்லை.

“சொல்லுங்ணா” என்றாள் வான்மதி.

ஒரு குரல்தான் வந்தது.